மூன்றாம் பக்கத்து எதிரிகள்

அனந்தகிருஷ்ணன் எங்காத்துக்கு வந்தால் காபி குடிக்காமல் போகமாட்டார், தேசத்தைப் பற்றிக் கவலைப்படாமலும் போகமாட்டார். பாங்கில் சீஃப் மானேஜராக இருந்து ரிடையர் ஆனவர். லோன் கேட்டு வந்தவர்களையெல்லாம் முப்பது வருஷம் சந்தேகப்பட்டுப் பழகிவிட்டு, இப்போது சந்தேகப்பட ஆள் கிடைக்காமல் மொத்த ஜனத்தொகையையும் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். போன ஜனவரியில் ஒரு நாள் கல்கத்தா டாக்குரியாவில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து, இரண்டாவது டம்ளர் காபியை வாங்கிக்கொண்டே சொன்னார்:

"சுந்தரவல்லி மாமி, உங்களுக்கு ஒரு தேசப்பணி கொண்டுவந்திருக்கேன்."

என் ஆத்துக்காரர் வீரராகவன் நியூஸ்பேப்பருக்குப் பின்னால் இருந்து ஒரு கனைப்புக் கனைத்தார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எந்தக் கப்பல் கரை தட்டும் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் எத்தனை கனைப்பை மதித்திருக்கிறேன், இதை மதிக்க?

விஷயம் இதுதான். பாலிகஞ்சில் 'வஜ்ரகோஷ்' என்று ஒரு மாதப் பத்திரிகை. அனந்தகிருஷ்ணன் அதில் ஒரு டிரஸ்டி. அதற்குப் பொன்விழா வருகிறதாம். ஐம்பது வருஷ சரித்திரத்தை எழுதி வெளியிடணும், அதற்கு முதலில் பழைய இதழ்களுக்கெல்லாம் ஒழுங்கான இண்டெக்ஸ் வேணுமாம். நான் ஒரு மத்திய அரசு நூலகத்தில் முப்பத்திநாலு வருஷம் இண்டெக்ஸ் கார்டு எழுதினவள். தாறுமாறாக அடுக்கின காகிதத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். ரிடையர் ஆகி ஆறு வருஷத்தில் மளிகை டப்பா, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அகர வரிசையில் அடுக்கியாச்சு. இனி அடுக்க ஆத்துக்காரர் ஒருத்தர்தான் பாக்கி.

"என்ன மாதிரிப் பத்திரிகை?" என்று கேட்டேன்.

"கலாசாரம் மாமி" என்றார். நான் நம்பினேன். அசடு, வேறென்ன.

வஜ்ரகோஷ் ஆபீஸ் ஒரு பழைய வீட்டின் முதல் மாடி. படியேறினதும் வாசலில் பெரிய வெண்கலத் தட்டு ஒன்று தொங்கும். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் அதை மூன்று தரம் அடித்து, "ஜாக்ரத்!" என்று கத்தணும். விழித்திரு என்று அர்த்தமாம். நான் பூஜைமணி மாதிரி மெதுவாகத் தட்டினேன். அங்கே ஐம்பது வயசில் மது என்று ஒரு பியூன். அவர் பதறிப்போய், "பலமா அடிங்க திதி, இல்லேன்னா ரெஜிஸ்டர்ல உங்க பேருக்கு நேரே 'மந்தம்'னு எழுதணும்" என்றார். திதி என்றால் பெங்காலியில் அக்கா. அடித்தேன். கீழ்வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது.

உள்ளே ஸ்தாபகருடைய நாற்காலி. ஸ்தாபகர் போய் இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல் ஆகிறது, நாற்காலிக்கு மட்டும் இன்னும் பதினோரு மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும் வைக்கிறார்கள். அந்த டீ ஆறுகிறவரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது. ஆறினதும் மது குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்தாபகர் திருப்தியடைந்தார்" என்று அறிவித்து, டீயோடும் பிஸ்கட்டோடும் பின்கட்டுக்குப் போவார். அந்த ஆபீஸில் திருப்தியாக இருந்த ஒரே ஆள் மதுதான் என்று எனக்குப் பிற்பாடு புரிந்தது.

ஆசிரியர் பெயர் துர்கேஷ் ராய்சௌதுரி. 'சம்பாதக் மஹாஷய்' என்றுதான் கூப்பிடணும். காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் வேர்க்கிற மனுஷர், எப்போதும் கோபத்தில் இருப்பதால். முதல் நாளே நான் ஒரு சந்தேகம் கேட்டேன். முதல் இதழ் 1978 ஏப்ரலில் வந்திருக்கிறதே, கணக்குப்படி நாற்பத்தேழு வருஷம்தானே ஆகிறது, பொன்விழா எப்படி?

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவர் பெங்காலியில் பேசுகிறதெல்லாம் கல்வெட்டு மாதிரிதான் இருக்கும், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"திதி, தாங்கள் நூலகத்தில் இருந்தவர், ஆகையால் தேதிகளை நம்புகிறீர்கள். ஸ்தாபகருக்கு இந்தக் கோபம் உண்டானது 1975இல். அச்சேறியது 1978இல். உயிரின் வயதைக் கருவிலிருந்து எண்ணுவதே நமது மரபு."

"மூணு வருஷ கர்ப்பமா?"

"மகத்தான கோபங்களுக்குக் காலம் பிடிக்கும்" என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல்.

1986இல் பத்திரிகை மூன்று மாதம் தடை செய்யப்பட்டது என்று சரித்திரத்தில் எழுதச் சொன்னார். உத்தரவு நகல் கேட்டேன். தேடிப் பார்த்ததில், அந்த மூன்று மாதமும் அச்சகத்தில் கரண்ட் இல்லை என்று அச்சகக்காரர் எழுதின கடுதாசி ஒன்று கிடைத்தது, நின்றுபோன மூன்று இதழும் நாலாம் மாசம் சேர்ந்தாற்போல் வந்திருந்தது. அந்தக் காலத்தில் கல்கத்தாவில் யார் ஆத்தில்தான் கரண்ட் இருந்தது? "எங்களுக்கு வேண்டுமென்றே நிறுத்தினார்கள்" என்றார் சம்பாதக். ஊருக்கே நிறுத்தினார்களே என்றேன். "எங்களை மட்டும் நிறுத்தினால் தெரிந்துவிடும் அல்லவா!"

வாசகர் எண்ணிக்கை பன்னிரண்டு லட்சம் என்று போடச் சொன்னார். அச்சடிப்பது மூவாயிரம். விற்காத இரண்டாயிரத்து எழுநூறும் காரப்பொரி விற்கிற முடிக்காரனுக்குப் போகிறது. ஜால்முடி கட்டித்தருகிற பொட்டலமெல்லாம் வஜ்ரகோஷ்தான். "கடியாஹாட்டில் மாலை நேரத்தில் ஜால்முடி உண்ணாதவர் உண்டா? கையில் வைத்திருக்கும் காகிதத்தை மனிதன் படிக்காமல் இருப்பானா?" என்று அவர் கேட்டபோது, அனந்தகிருஷ்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பாங்க் ஆடிட் பார்க்கிறவர் மாதிரி தலையை ஆட்டினார்.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம், சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது மூன்றாம் பக்கம்.

ஒவ்வொரு இதழிலும் மூன்றாம் பக்கத்தில் 'இம்மாத எதிரி' என்று ஒன்று வரும். யார் எதிரி என்பதைத் திங்கட்கிழமைகளில் கோபக் கூட்டம் போட்டு முடிவு பண்ணுவார்கள். நிஜமாகவே அதற்குப் பெயர் கோபக் கூட்டம்தான். நிகழ்ச்சி நிரலில் முதல் அயிட்டம்: 'யார் மேல்?' இரண்டாவது அயிட்டம்: 'ஏன்?' இந்த வரிசையில்தான். முதல் அயிட்டத்துக்கே பெரும்பாலும் நேரம் முடிந்துபோய், இரண்டாவது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

மூன்று மாசம் உட்கார்ந்து தகரப் பெட்டிகளில் இருந்த ஐந்நூற்று அறுபத்து நாலு இதழையும் தூசி தட்டிப் படித்தேன். ஐந்நூற்று அறுபத்து நாலு எதிரி. முஸ்லிம்கள் வருஷத்துக்கு நாலு மாசம் நிரந்தரம். மிச்ச எட்டு மாசத்துக்கு ஆள் தேடி அலைந்திருக்கிறார்கள். மார்வாடிகள், பிஹாரிகள், ஒடியாச் சமையல்காரர்கள், கிறிஸ்தவ நர்ஸுகள், காதல் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள், மெட்ரிக் அளவு, முட்டை ரோல், பாலிகஞ்ச் ஸ்டேஷன் கடிகாரம். ஸ்தாபகரின் மச்சினர் மூன்று தடவை. மார்வாடிகளைத் திட்டின இதழுக்கும் இன்றைக்கும் பின்னட்டை விளம்பரம் ஒரு மார்வாடிக் கடையுடையதுதான்.

1982 மார்ச் இதழில் யார் தெரியுமோ? மதராஸிகள். 'லேக் மார்க்கெட்டில் காபி வாசனையோடு பரவும் ஆபத்து, நம் இளைஞர்களின் குமாஸ்தா வேலைகளைத் தின்னும் சோற்றுப் படை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அனந்தகிருஷ்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"இது நம்மளைச் சொல்லலை மாமி."

"லேக் மார்க்கெட் மதராஸின்னா வேற யாரு? நீங்க அப்போ அங்கதானே குடியிருந்தேள்?"

"அது வேற மதராஸிகள். ஒழுங்கா இல்லாதவா. நாம எப்பவுமே அவாளோட சேர்ந்தவா."

"யாரோட?"

"நம்மளைத் திட்டினவாளோட" என்றார் பெருமையாக. இந்த மனுஷரிடம் என்ன பேசுகிறது?

எல்லாம் தெரிந்தும் நீ ஏண்டி அங்கே போனே என்று என் ஆத்துக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆரம்பித்த வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை என்று சொன்னேன். உள்ளுக்குள் வேறொன்று இருந்தது. ஐந்நூற்று அறுபத்து நாலு எதிரியையும் வரிசையாக அடுக்கி அவர்கள் முன்னால் வைத்தால், வெட்கப்பட்டுத் தலைகுனிவார்கள் என்று நினைத்தேன். ஒழுங்காக அடுக்கிவிட்டால் உண்மை தானே பேசும் என்பது என் முப்பத்திநாலு வருஷ மூடநம்பிக்கை.

அந்த எதிரிகளில் கூட்டம் கூட்டமாகத் திட்டப்பட்டவர்கள் போக, பெயர் சொல்லித் திட்டப்பட்ட தனி மனுஷர்களும் இருந்தார்கள். வாத்தியார், டாக்டர், தபால்காரர் இப்படி. எங்கள் நூலகத்தில் என் மேலதிகாரி நடராஜன் ஒரு விதி வைத்திருந்தார். ஆளைப் பற்றின கார்டு என்றால் அந்த ஆள் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று எழுதணும், இல்லாவிட்டால் அது அரைக் கார்டு, குப்பையில் போடு என்பார். ஆகவே யாரும் கேட்காமலே நான் கார்டில் இரண்டு கட்டம் கூடப் போட்டேன்: 'உயிருடன் உள்ளாரா', 'நடப்பு முகவரி'. டெலிபோன் பண்ணிப் பண்ணி விசாரித்தேன். "நூலகத்திலே வேலை பார்த்த அம்மா பேசறேன்" என்று என் ஓட்டை பெங்காலியில் கேட்டால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? பிள்ளைகளும் மருமகள்களும் அன்பாகச் சொன்னார்கள், பின்கோடு வரைக்கும். முப்பத்தோரு பேர் உயிரோடு இருந்தார்கள். முப்பத்தோரு முகவரியும் கிடைத்தது. அன்றைக்கு எனக்கு நானே பால்பாயசம் பண்ணிச் சாப்பிட்டேன். இதைச் சொல்ல இப்போது வாய் கூசுகிறது.

அந்த முப்பத்தோரு பேரில் ஒருத்தர் ஹபிபுர் மொண்டல், 1993 செப்டம்பர். எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கிற மாஸ்டர்மஷாய்தான்! என் பிள்ளை ஹரிஷங்கருக்கு ஆறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து, கையில் ஒரு பைசா வாங்காதவர். பூஜைக்கு நான் கொடுக்கிற சுண்டலுக்காக நவராத்திரியை நாள் எண்ணுகிறவர். அவர் பெயரைப் பார்த்ததும் என்ன பண்ணியிருக்கணும்? பகீர் என்றிருக்கணும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமோ? அடடே, இந்த முகவரியை விசாரிக்க டெலிபோன்கூட வேண்டாமே என்று தோன்றியது. 'தரைத்தளம், இடது பக்கக் கதவு' என்று அழகாக எழுதினேன்.

அவர் பண்ணின குற்றம் இது. 1993 ஆகஸ்ட் இதழில், ஒரு குறிப்பிட்ட சமூகம் பெருகுகிற வேகத்தைக் கணக்குப் போட்டு, 2011க்குள் நாட்டில் அவர்கள் இத்தனை சதவீதம் ஆகிவிடுவார்கள் என்று பயமுறுத்திக் கட்டுரை வந்திருக்கிறது. பெஹாலாவில் ஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்த மாஸ்டர்மஷாய் அதைப் படித்துவிட்டு ஒரு கடிதம் எழுதினார். 'மாண்புமிகு ஆசிரியர் அவர்களுக்கு, தங்கள் கணக்கை அப்படியே போட்டால் விடை நூற்று நாற்பது சதவீதம் வருகிறது, எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது, தயவுசெய்து சரிபார்க்கவும்.' அடுத்த மாசம் மூன்றாம் பக்கத்தில் அவர். 'எண்களைக் கொண்டு நம்மைத் தாக்கும் எதிரி' என்று தலைப்பு.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை, கோபக் கூட்டத்தில் என் கார்டுப் பெட்டியைச் சமர்ப்பித்தேன். தட்டை மூன்று தரம் அடித்து, டீ ஆறி, ஸ்தாபகர் திருப்தியடைந்த பிறகு, முதலிலிருந்து தலைப்புகளை வாசித்தேன். முட்டை ரோல் வந்தது, மச்சினர் வந்தார், மதராஸிகள் வந்தார்கள். யாராவது நெளிவார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வாசித்தேன். வாசித்து முடித்து நிமிர்ந்தால் சம்பாதக் அழுதுகொண்டிருந்தார்.

"நாற்பத்தேழு ஆண்டுகள்" என்றார் தழுதழுத்து. கோபம் கருவுற்ற மூன்று வருஷத்தைக்கூட மறந்துவிட்டார் பாவம். "ஒரு மாதமாவது நாம் எவரையும் வெறுக்காமல் இருந்ததில்லை! எங்களுக்குக் கொள்கை மாறிக்கொண்டே இருக்கிறது என்று கேலி செய்தார்கள். இதோ பாருங்கள். எதிரி மாறியிருக்கிறான். வெறுப்பு மாறவில்லை! அதுதான் கொள்கை!"

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு அவர் ஒரு கார்டை உருவிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"நடப்பு முகவரி! இது நம்மிடம் ஒருநாளும் ஒரே இடத்தில் இருந்ததே இல்லையே! பின்கோடு வாரியாக வேறு அடுக்கியிருக்கிறீர்கள்!"

அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். பொன்விழாவின் முதல் நிகழ்ச்சி, 'தரிசன யாத்திரை'. பெஹாலாவிலிருந்து பத்திரிகையின் இளைஞர் படையான யுவ வாஹினிப் பையன்கள் இருநூறு பேர் வந்து, உயிரோடு இருக்கிற பழைய எதிரிகளின் வீட்டு வாசலில் போய் நின்று, பத்திரிகை அவர்களை மறக்கவில்லை என்று தெரிவிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தொடக்கம். ஆபீஸுக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிற எதிரி யார்? பின்கோடு வரிசையில் முதல் கார்டு. டாக்குரியா, தரைத்தளம், இடது பக்கக் கதவு.

எழுந்து நின்று, "அவர் எழுபத்தெட்டு வயசு மனுஷர், ஒத்தையில இருக்கார், போய்க் கத்தினா என்ன ஆகும்?" என்றேன்.

"நாங்கள் யாரையும் தொடுவதில்லை, திதி" என்றார் சம்பாதக் மிகவும் மென்மையாக. "தொண்ணூற்று மூன்றிலும் தொடவில்லை. முகவரியை மட்டும் அச்சிட்டோம். கல் எறிந்தவர்கள் வாசகர்கள். வாசகர்களின் சுதந்திரத்தில் பத்திரிகை தலையிடக்கூடாது."

"அப்போ கார்டைத் திருப்பிக் குடுங்கோ."

"மது எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வாஹினியின் குரூப்பில் போட்டாயிற்றே" என்றார். மது தலையைக் குனிந்துகொண்டார். அனந்தகிருஷ்ணன் என் காதருகே வந்து, "மாமி, இதெல்லாம் ஒரு சம்பிரதாயம். நீங்க உணர்ச்சிவசப்படாதீங்கோ" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வெண்கலத் தட்டைக் கழற்றி அவர் தலையில் அடித்திருப்பேன், எட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பால்கனியிலிருந்து பார்க்கிறேன், பைக்கில் இரண்டு பையன்கள் வந்து மாஸ்டர்மஷாயின் பெயர்ப்பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் மீன்பையோடு சந்தையிலிருந்து வந்து, அவர்களுக்குப் பின்னால் அமைதியாக நின்று, எடுத்து முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, வழி விட்டதும் பூட்டைத் திறந்து உள்ளே போனார்.

என் ஆத்துக்காரர் நியூஸ்பேப்பரை மடித்து வைத்தார். "அட்ரஸ் எழுதச் சொல்லி யாராவது கேட்டாளா?"

"இல்லை."

"பின்னே?"

நான் பால்கனிக் கதவைச் சாத்தினேன். "கீழே போய்ச் சொல்லிட்டு வா. நீயே சொல்லு" என்றார்.

போனேன். மாஸ்டர்மஷாய் மீனைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, கட்டம், தரைத்தளம், இடது பக்கம். நான்தான் எழுதினேன் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார்.

"பழைய இதழ் எல்லாம் படிச்சீங்களா திதி? எல்லாமா?"

"எல்லாம்."

"அந்தக் கணக்குக்குத் திருத்தம் போட்டாங்களா, எப்பவாவது?"

"இல்லை மாஸ்டர்மஷாய்."

"நூத்து நாப்பது சதவீதம்" என்றார். "நான் மரியாதையாத்தான் எழுதினேன். பெஹாலா வீட்டிலே ஜன்னல் ஒண்ணு பாக்கியில்லை. அதுக்கப்புறம் அவ காய்கறி வாங்கக்கூட வெளியே போகலை. வித்துட்டு இங்கே வந்தோம்." அவர் மனைவி போய்ப் பத்து வருஷம் ஆகிறது. எனக்கு அந்த அம்மாளைத் தெரியும், கதவைச் சங்கிலி போட்டுத்தான் திறப்பாள். கூச்ச சுபாவம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் பூராவும் யோசித்தேன். நூலகத்தில் கார்டில் தப்பு வந்தால் அழிக்க மாட்டோம், திருத்தச் சீட்டு ஒட்டுவோம். புதன்கிழமை ஆபீஸுக்குப் போய் ஒரு திருத்தச் சீட்டு எழுதினேன். 'மறு ஆய்வில், கீழ்க்கண்ட முப்பத்தொரு எதிரிகளும் தற்போது ஒரே முகவரியில் தங்கியிருப்பது தெரியவந்துள்ளது.' அதற்குக் கீழே பாலிகஞ்ச் தெரு, கதவு எண், முதல் மாடி. வஜ்ரகோஷ் ஆபீஸ் விலாசம்தான். சரித்திரக்காரிக்கு என்று கொடுத்திருந்த 'சரிபார்க்கப்பட்டது' ரப்பர் முத்திரையைப் போட்டு மதுவிடம் நீட்டினேன். அவர் படித்தார். என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

"முத்திரை இருக்கு. முத்திரை இருந்தா நான் அனுப்பணும், அதுதான் ரூல்" என்று அனுப்பிவிட்டார்.

மாட்டிக்கொள்வேன் என்று நினைத்தேன். ஒன்றுமே ஆகவில்லை. பெஹாலாப் பையன்களில் ஒருத்தன்கூட இந்த ஆபீஸைப் பார்த்தவனில்லை. வஜ்ரகோஷ் என்றால் அவர்களுக்குப் போனில் வருகிற ஒரு சத்தம், அவ்வளவுதான். முப்பத்தோரு எதிரி ஒரே வீட்டில் என்றதும் குரூப்பே கொதித்துப்போனதாம். சம்பாதக் குரூப்பெல்லாம் படிக்கமாட்டார். அவர் எழுதுகிறவர்.

ஞாயிற்றுக்கிழமை, யாத்திரையின் வெற்றியை உடனுக்குடன் குறித்துக்கொள்ள என்னையும் ஆபீஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வெற்றிச் செய்தி வருகிறவரை ஸ்தாபகருக்கு இடைவிடாமல் டீ வைப்பது என்று தீர்மானம். மது ஏழாவது கப்பில் இருந்தபோது தெருவில் கூச்சல் கேட்டது. இரண்டு பஸ், இருநூறு பையன்கள்.

"நமது வீரர்கள்! ஆசி பெற வந்திருக்கிறார்கள்!" என்று சம்பாதக் பால்கனிக்கு ஓடினார். ஒரு செங்கல் அவர் காதை உரசிக்கொண்டு போய் உள்ளே விழுந்தது.

"எதிரியே வெளியே வா!"

"நிறுத்துங்கள்! நான்தான் உங்கள் சம்பாதக்!"

கீழே ஒருத்தன் கத்தினான்: "நான் எதிரி இல்லைன்னுதான் எதிரி முதல்ல சொல்வான், வஜ்ரகோஷ்லயே போட்டிருக்கு!" நிஜம்தான், 2019 நவம்பர் இதழ். நானே கார்டு போட்டிருக்கிறேன்.

"நீ இந்த நாட்டுக்காரன்னா உங்கப்பா பொறந்த சர்ட்டிபிகேட்டைக் காட்டு!"

"என் தந்தை 1950இல் கிழக்கு வங்கத்துப் பரிசாலிலிருந்து உயிர் தப்பி ஓடி வந்தவர்! ஓடுகிறவன் சான்றிதழை எங்கே எடுத்து வருவான்!" என்றார் சம்பாதக். அந்த மனுஷர் உண்மையாகவே வேதனையில் பேசி நான் கேட்ட ஒரே வாக்கியம் அது.

"அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தவன்! அவனே ஒத்துக்கிட்டான்!"

அனந்தகிருஷ்ணன் சமாதானம் பண்ணலாம் என்று பால்கனிக்குப் போனார். அவர் பெங்காலியைக் கேட்டதும் ஒரு பையன் போனைத் தடவிப் பார்த்தான். "மதராஸி! எண்பத்திரண்டு மார்ச்! இவனும் லிஸ்ட்ல இருக்கான்!" அனந்தகிருஷ்ணன், "அது வேற மதராஸி, அது வேற மதராஸி" என்று கத்திக்கொண்டே மேஜைக்கு அடியில் போனார். நான் குறிப்பேட்டில் நேரத்தை எழுதினேன். பயமாக இல்லையா என்றால், பயம்தான். ஆனாலும் பொய் சொல்வானேன், உள்ளூர ஒரு குளிர்ச்சியும் இருந்தது.

பையன்கள் மேலே வந்து வெண்கலத் தட்டைக் கழற்றினார்கள், நாற்காலியை உடைத்தார்கள். மதுவையும் என்னையும், "நீங்க போங்க மாஷிமா, இது ஆபத்தான இடம்" என்று பத்திரமாகக் கீழே கொண்டுவந்து விட்டார்கள். சாயந்திரம் அஞ்சு மணிக்குப் பஸ் டிரைவர் பெஹாலா திரும்பணும் என்று ஹார்ன் அடிக்கவே எல்லோரும் கிளம்பிப் போனார்கள். அப்புறம்தான் போலீஸ் வந்தது.

அடுத்த இதழ் வந்தது. 'வஜ்ரகோஷ் மீது கொலைவெறித் தாக்குதல்! அடையாளம் தெரியாத தேசவிரோதிகள் வெறியாட்டம்!' அட்டையில் காதில் பிளாஸ்திரியோடு சம்பாதக். தன் பையன்களே தன்னை அடித்தார்கள் என்று எழுத முடியாது, ஆகவே திருத்தச் சீட்டு என்று ஒன்று இருந்ததாகவும் ஒத்துக்கொள்ள முடியாது. அனந்தகிருஷ்ணன் மட்டும் ஒரு நாள் எங்காத்துக்கு வந்து, "மாமி, அந்தச் சீட்டு..." என்று ஆரம்பித்தார். "கைப்பிழை" என்றேன். காபி வேண்டாம் என்று போய்விட்டார். சம்பாதக் எனக்குப் போன் பண்ணி, சரித்திரத்துக்கு மகத்தான கடைசி அத்தியாயம் கிடைத்துவிட்டது, உண்மையான தாக்குதல், உண்மையான செங்கல், வந்து எழுதித் தாருங்கள் என்று கெஞ்சினார். போகவில்லை. பாதியில் விட்ட முதல் வேலை இதுதான். யாத்திரையை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை, பையன்களுக்கு வேறு சத்தம் வந்திருக்கும்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஹரிக்குப் போன் பண்ணி விலாவாரியாகச் சொல்லி இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மே மாசம் ஒரு காலையில் கட்டட வாசலில் டெம்போ நின்றது. மாஸ்டர்மஷாயின் கட்டிலும் புஸ்தக மூட்டைகளும் ஏறிக்கொண்டிருந்தன. செருப்பைக்கூடப் போடாமல் கீழே ஓடினேன்.

"ஏன் மாஸ்டர்மஷாய்? அதான் முடிஞ்சுபோச்சே! லிஸ்டைத்தான் மாத்திட்டேனே!"

"மாத்தினீங்க. புதன்கிழமை மாத்தினீங்க" என்றார். "திங்கட்கிழமை போட்ட படம் எத்தனை போன்ல இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ராத்திரி காலடிச் சத்தம் கேட்டா எண்ண ஆரம்பிச்சிடறேன். இந்த வயசிலே அந்தக் கணக்கு வேண்டாம்."

நான் அழுதேன். நடுத்தெருவில், டெம்போக்காரன் பார்க்க, அழுதேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்து, ஹரியின் குழந்தைக்கு என்று ஒரு பழைய ஜியாமெட்ரி பாக்ஸைக் கையில் வைத்தார். அவர் ஏறி உட்கார்ந்தபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்:

"புது இடத்து அட்ரஸையாவது சொல்லிட்டுப் போங்க. நவராத்திரிக்குச் சுண்டல் குடுத்தனுப்பறேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"வேண்டாம் திதி. உங்களுக்குத் தெரிஞ்சா எங்கேயாவது எழுதி வெச்சிடுவீங்க."

மாட்டேன், சத்தியமாக எழுத மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. டெம்போ கிளம்பிப் போய்விட்டது. எழுதியிருப்பேன்.